மகளின் ரைஃபிள் ஜீரோ தினமும் நகர்கிறது: புதிது வாங்கத்தான் வேண்டுமா?

கொங்குப் பகுதியின் ஒரு சிறு நகரத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சி. போன வருடம் ஒரு ஜெர்மன் ரைஃபிளை செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் சில மாதம் பிரச்சினை இல்லை. இப்போது சனிக்கிழமை இலக்கு அட்டையின் வளையங்களில் பத்தும் ஒன்பதுமாக விழுகிற குண்டு, ஞாயிறு காலையில் ஏழில் போய் விழுகிறது, அதுவும் இடது பக்கம் கீழே. போட்டி நாளில் கோச்சே நாலு குண்டு சுட்டுப் பார்த்து, குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சைட்டை, அதாவது குறி பார்க்கும் கருவியை, சரிசெய்து கொடுக்கிறார். இதைத்தான் ஜீரோ பார்ப்பது என்பார்கள். அப்படியும் கடைசியாகப் போன போட்டியில் எல்லாம் இடது பக்கம் விழ, மகள் வலது பக்கம் கொண்டுவர சைட்டின் குமிழை ‘ஆர்’ என்ற எழுத்துப் பக்கம் திருப்பினாளாம். இன்னும் இடதுக்கே போயிருக்கிறது. பயிற்சியில் எடுப்பதைவிட இருபது புள்ளி குறைவு. வீட்டுக்கு வரும்வரை காரில் அழுதுகொண்டே வந்திருக்கிறாள்.

“ரைஃபிளில்தான் கோளாறு, நகையை வைத்தாவது புதிது வாங்கிவிடலாம் என்கிறார் என் கணவர். அதுவரைக்கும் மொட்டை மாடியில் பலகை வைத்து அவரே ஜீரோ பார்த்துக் கொடுக்கிறார். பாப்பாவுக்கு நாலு மாதம் முன்னால்தான் கண்ணாடி போட்டோம், மைனஸ் 0.75. கண்தான் காரணமா? ரைஃபிளா? இல்லை, இவளுக்கு இந்த விளையாட்டே வராதா?” இதுதான் கேள்வி.

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை பத்தும் ஒன்பதுமாகச் சுடுகிற பெண்ணுக்கு இந்த விளையாட்டு வரும். அந்தக் கவலையை இன்றோடு விட்டுவிடுங்கள். நகையும் பீரோவிலேயே இருக்கட்டும். குறைந்தது ஒரு மாதத்துக்கு யாரும் எதையும் வாங்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “பெட்டி சின்னது, அதனால் பின் சைட்டைக் கழற்றித்தான் உள்ளே வைப்போம்.” நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். உங்கள் வீட்டுப் பிரச்சினையில் பாதி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். மீதிப் பாதி அந்தப் புதுக் கண்ணாடியில் இருக்கலாம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளக்க, பாப்பா குறி பார்க்கும்போது என்ன பார்க்கிறாள் என்பதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். டயாப்டர் என்கிற பின் சைட்டில் ஒரு சின்னத் துளை. அதன் வழியாக ரைஃபிளின் முனையில் இருக்கும் முன் சைட்டின் கூடு தெரியும். கூட்டுக்குள் ஒரு மெல்லிய வளையம். அந்த வளையத்துக்குள் அட்டையின் கறுப்பு வட்டம். பெரிய வளையலுக்குள் சின்ன வளையல் வைத்தாற்போல நாலும் ஒரே மையத்தில் நிற்க வேண்டும். கறுப்பு வட்டம் வளையத்தின் நடுவில் நின்றால் போதும் என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். போதாது. முன் சைட்டின் கூடு பின் துளையின் நடுவில் இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம்.

கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு சைட்டுக்கும் நடுவே சுமார் 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக் கோடு பின் துளையின் மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தள்ளி இருக்கிற அட்டையில் அது சுமார் 7 மில்லிமீட்டர் ஆகிவிடும். அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இரண்டரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. பத்து என்பதே அரை மில்லிமீட்டர் புள்ளி. ஆக, கறுப்பு வட்டம் கச்சிதமாக நடுவில் தெரியும்போதே குண்டு எட்டுக்குப் போகலாம். அரை மில்லிமீட்டர் என்பது கன்னத்தை மரத்தில் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலே வந்துவிடும். கழற்றிய சைட்டைக் காடியில் (ரைஃபிள்மேல் சைட்டை மாட்டுகிற பள்ளத்தில்) வேறு இடத்தில் மாட்டினாலும், கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலும் வந்துவிடும்.

ஜீரோ என்பது ரைஃபிளில் ஒருமுறை போட்டுவைத்து முடிகிற விஷயம் இல்லை. இந்தக் குழல், இந்தப் பெல்லட் (ஈயக் குண்டு), இந்தக் கண், இந்தக் கன்னம், இந்த நிற்கும் விதம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் ஒரு ஜீரோ. அதனால்தான் கோச் சுட்டுச் சரிசெய்து கொடுப்பது உங்கள் மகளுக்குப் பொருந்தவில்லை. அவர் அக்கறையில்தான் செய்கிறார், அவர்மேல் வருத்தப்படாதீர்கள். ஆனால் அவர் கண்ணுக்கும் கன்னத்துக்கும் வைத்த ஜீரோ அவருக்குத்தான் சரி. போட்டி நாளில் அவள் ரைஃபிளில் கடைசியாகக் கை வைக்கிற ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும். இதை அவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். நல்ல கோச் சந்தோஷப்படுவார்.

முதலில் திருகுகள்

சைட்டைக் காடியில் பிடித்திருக்கும் திருகுகள், முன் சைட் கூட்டின் திருகு, கட்டையையும் குழலையும் சேர்க்கிற போல்ட், கன்னம் வைக்கிற சீக் பீஸ், தோளில் வைக்கிற பட் பிளேட். இவை ஒவ்வொன்றையும் ஆலன் கீ வைத்துப் பாருங்கள். முரட்டுத்தனமாக முறுக்க வேண்டாம், ஆடக் கூடாது, அவ்வளவுதான். பிறகு வீட்டில் இருக்கும் நெயில் பாலிஷை எடுத்து, சைட்டின் அடிப்பாகமும் ரைஃபிளின் காடியும் சேருமிடத்தில் குறுக்கே மெல்லியதாக ஒரு கோடு போடச் சொல்லுங்கள். சீக் பீஸிலும் பட் பிளேட்டிலும் அதே மாதிரி. மறுநாள் அந்தக் கோடு இரண்டாக விலகி நின்றால் எது நகர்ந்தது என்று யாரையும் கேட்க வேண்டாம்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையன் இதே காரணத்துக்காகத் தன் ரைஃபிளை விற்றேவிட்டான். வாங்கியவர் முன் சைட்டின் திருகை இறுக்கினார். அவர் இன்றைக்கும் அதில்தான் சுடுகிறார். அந்தப் பையனின் அப்பா வாங்கிய கடன் அதற்கப்புறமும் இரண்டு வருடம் ஓடியது.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். சைட்டைக் கழற்றாமல் வைக்கிற நீளமான பெட்டி ஒன்று வாங்குங்கள். உங்கள் கணவருக்குச் செலவு செய்தே ஆக வேண்டும் என்று இருந்தால், அந்தச் செலவு இதுதான். அதுவரை, கழற்றினால் ஒவ்வொரு முறையும் அதே நெயில் பாலிஷ் கோட்டில் திரும்ப மாட்டட்டும்.

அடுத்தது ரைஃபிள்

ரைஃபிள் குற்றவாளியா இல்லையா என்று ஒரே நாளில் தெரிந்துகொள்ளலாம். கிளப்பில் கிளாம்ப் இருந்தால் ரைஃபிளை அதில் இறுக்கி, பாப்பா வழக்கமாகப் போடும் பெல்லட்டில் பத்துக் குண்டு ஒரே அட்டையில் சுடச் சொல்லுங்கள். 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டில் பத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, ஆறேழு மில்லிமீட்டரில் ஒரே ஓட்டையாகக் கிழிந்திருந்தால் குழலும் பெல்லட்டும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். சிதறினால் உடனே பயப்பட வேண்டாம், வேறு டப்பா பெல்லட்டில் ஒருமுறை பாருங்கள். ஒரே கம்பெனியிலேயே ஒரு டப்பாவுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இருக்கும். பாவாடை, அதாவது பின்பக்க விளிம்பு, நசுங்கிய பெல்லட்டும் சிதறும்.

கிளாம்ப் சோதனை குழலைத்தான் சொல்லும், சைட்டைச் சொல்லாது. அதற்குத்தான் உங்கள் கோச் வேண்டும். சனிக்கிழமை அவர் ரைஃபிளை மணல் மூட்டையில் தாங்கவைத்துப் பத்துக் குண்டு சுடட்டும். ஞாயிற்றுக்கிழமை சைட்டைத் தொடாமல் மறுபடி பத்து. அவருடைய இரண்டு குரூப்பும் (குண்டுகள் விழுந்த கூட்டமும்) ஒரே இடத்தில் இருந்து, பாப்பாவின் குரூப் மட்டும் நகர்ந்திருந்தால் காரணம் ரைஃபிளில் இல்லை. இரண்டு பேருடையதும் ஒரே பக்கம் நகர்ந்திருந்தால் சைட் ஆடுகிறது.

செகண்ட் ஹேண்ட் என்பதால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். காற்றுச் சிலிண்டரில் ஒரு தேதி பொறித்திருக்கும். பொதுவாக ஜெர்மன், ஆஸ்திரிய கம்பெனிகள் தங்கள் சிலிண்டருக்குப் பத்து வருடம்தான் கெடு வைக்கின்றன. சர்வதேச விதிப்படி காலாவதியாகாத சிலிண்டர் வைத்திருப்பது சுடுபவரின் பொறுப்பு. உபகரணச் சோதனையில் மாட்டினால் அன்றைய போட்டி போச்சு. அது ஒருபுறம் இருக்க, 200 பார் அழுத்தத்தில் அடைத்த பழைய உலோகம் பெண்ணின் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கெடு தாண்டியிருந்தால் புதுச் சிலிண்டர் வாங்குங்கள். இதில் சமாதானமே கிடையாது. காற்று மிகவும் குறைந்த நிலையில் சுட்டால் குண்டு கீழே இறங்கும் என்பதையும் பாப்பாவிடம் சொல்லிவையுங்கள். ‘இடது பக்கம் கீழே’ என்பதில் அந்தக் ‘கீழே’வுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

‘ஆர்’ பக்கம் திருப்பியும் ஏன் இடதுக்கே போனது

இதில் உங்கள் மகள்மேல் தப்பே இல்லை. யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. சில கம்பெனிகள் சைட் குமிழில் எழுதுவது ‘குண்டு எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கம் திருப்பு’ என்ற அர்த்தத்தில். சில கம்பெனிகள் ‘குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பு’ என்ற அர்த்தத்தில். ஜெர்மன் சைட்டுகளில் முதல் வழக்கம்தான் அதிகம். இடது பக்கம் விழுந்தால் ‘எல்’ பக்கம் திருப்ப வேண்டும். உயரத்துக்கு ‘ஹெச்’, ‘டி’ என்று இருக்கும். ஜெர்மனில் ‘ஹோக்’ என்றால் உயரம், ‘டீஃப்’ என்றால் தாழ்வு.

நான் சொல்வதையும் நம்ப வேண்டாம். அவளே சோதித்துப் பார்க்கட்டும். மூட்டையில் தாங்கவைத்து ஐந்து குண்டு. பிறகு ‘ஆர்’ பக்கம் இருபது கிளிக் (குமிழைத் திருப்பும்போது ‘டிக்’ என்று நிற்கிற ஒவ்வொரு படியும் ஒரு கிளிக்) எண்ணித் திருப்பி, அதே அட்டையில் இன்னும் ஐந்து. குரூப் எந்தப் பக்கம் போனது, எத்தனை மில்லிமீட்டர் போனது என்று ஸ்கேல் வைத்து அளக்கட்டும். போட்டி டயாப்டர்களில் ஒரு கிளிக் பெரும்பாலும் கால் மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். இருபது கிளிக்குக்கு ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்தால் சரி. உயரத்துக்கும் அதே சோதனை. முடிந்ததும் அம்புக்குறி போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கரைச் சைட் பக்கத்தில் ஒட்டிவிட்டால், பதற்றமான காலையிலும் கை தானாகச் சரியான பக்கம் போகும்.

இன்னொரு பழக்கத்தையும் மாற்ற வேண்டும். ஒரு குண்டு இடதில் விழுந்தால் நாலு கிளிக், அடுத்தது வலதில் விழுந்தால் மூன்று கிளிக் திருப்பி வைப்பது என்று அவள் செய்கிறாள் போலிருக்கிறது. தன் வாலைத் தானே துரத்துகிற நாய்க்குட்டி கதைதான் இது. ஒரு குண்டுக்குச் சைட்டைத் தொடக் கூடாது. குறைந்தது ஐந்து, முடிந்தால் பத்து. அந்தக் கூட்டத்தின் நடுவைக் கண்டுபிடித்து, மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்து, கணக்குப் போட்டு ஒரே தடவையில் திருப்ப வேண்டும். நடு 6 மில்லிமீட்டர் இடதில் இருந்தால் 24 கிளிக். அப்புறம் மறுபடி ஐந்து சுட்டுப் பார்க்க வேண்டும்.

கண்ணும் கன்னமும்

மைனஸ் 0.75 என்பது சின்னக் குறைதான், விளையாட்டுக்குத் தடையே இல்லை. ஆனால் அவள் பள்ளிக்குப் போடும் கண்ணாடியையே போட்டுக்கொண்டு சுடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ரைஃபிளில் கன்னம் வைக்கும்போது தலை முன்னால் குனிந்து சாயும். அப்போது அவள் கண்ணாடியின் நடுவில் பார்ப்பதில்லை, மேல் ஓரத்தில், மூக்குப் பக்கமாகப் பார்க்கிறாள். அங்கே பார்வை மங்கும், சில நேரம் ஃபிரேமே குறுக்கே வரும். தெளிவான இடத்தைத் தேடித் தலை தானாக நகரும். தலை நகர்ந்தால் கன்னத்தின் அழுத்தம் மாறும், மேலே சொன்ன அரை மில்லிமீட்டர் அங்கேதான் போகிறது. கண்ணாடி போட்ட காலமும் குண்டு நகர ஆரம்பித்த காலமும் ஒத்துப்போகின்றனவா என்று யோசித்துப் பாருங்கள்.

கண் மருத்துவரிடமோ ஆப்டோமெட்ரிஸ்டிடமோ போகும்போது ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்: “இவள் கூர்ந்து பார்க்க வேண்டியது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தள்ளி இருக்கிற முன் சைட் வளையத்தை, பத்து மீட்டர் தள்ளி இருக்கிற அட்டையை அல்ல.” அதற்கேற்ற பவரை அவர் பார்த்துச் சொல்வார். கண்ணாடி வில்லையைக் குறி பார்க்கிற கண்ணுக்கு நேர் எதிரே திருப்பி வைக்கிற ஷூட்டிங் ஃபிரேம் தனியாகக் கிடைக்கிறது, நகையெல்லாம் வைக்க வேண்டிய விலை இல்லை. மற்ற கண்ணை இறுக்கி மூடவும் வேண்டாம். அதன் முன்னால் 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு மிகாமல் ஒரு மறைப்பு வைத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது.

கன்னத்துக்கு ஒரு சின்னப் பரிசோதனை உண்டு. வீட்டிலேயே, பெல்லட் போடாமல், குழலில் எதுவும் இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளை எடுத்து நிற்கச் சொல்லுங்கள். கன்னத்தை வைத்து, மூச்சை விட்டு, பிறகு கண்ணைத் திறக்கட்டும். முன் சைட் பின் துளையின் நடுவில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கழுத்தை வளைத்துச் சரிசெய்யக் கூடாது, சீக் பீஸைத்தான் ஏற்றி இறக்க வேண்டும். ரைஃபிள் அட்டைக்கு இடது பக்கம் பார்த்து நின்றால் கையால் தள்ளக் கூடாது, பாதத்தை நகர்த்த வேண்டும். கையால் இழுத்துப் பிடித்துச் சுடுகிற பிள்ளைக்குக் குண்டு எப்போதும் உடம்பு போக விரும்புகிற பக்கமே போகும்.

ரைஃபிளைச் சாய்த்துப் பிடிக்கிறாளா என்றும் பின்னாலிருந்து ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள். சாய்த்துப் பிடிப்பது தப்பில்லை, பல பேர் அப்படித்தான் பிடிக்கிறார்கள். ஆனால் நேற்று ஒரு சாய்வு, இன்று ஒரு சாய்வு என்றால் ஐந்து டிகிரி வித்தியாசத்துக்கே குண்டு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் அந்தப் பக்கம் போகும்.

மொட்டை மாடி வேண்டாம்

உங்கள் கணவரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள். 20 ஜூலுக்கு உட்பட்ட 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிளுக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை என்பது உண்மை. போட்டி ரைஃபிளுக்கு ஏழெட்டு ஜூல்தான் வரும். அதற்காக எங்கே வேண்டுமானாலும் சுடலாம் என்று அர்த்தமில்லை. விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகிற ஈயம் அது. பலகையின் ஓரத்தில் தப்பினால் பக்கத்துத் தெருவரை போகும், ஆணியில் பட்டால் திரும்பி வரும். அடுத்த மாடியில் யாராவது துணி காயப்போட வருவார்கள். ஒரு கண் போனால் வழக்கு, இழப்பீடு எல்லாம் பிறகு, முதலில் அந்தக் கண் திரும்ப வராது. இத்தனை ஆபத்தை ஏற்று அங்கே பார்க்கிற ஜீரோவும் உதவாது. வெயில், காற்று, அப்பாவின் கண், அப்பாவின் கன்னம். கிளப்பில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிற மகளுக்கு அதில் எதுவும் பொருந்தாது.

வெளிச்சம் என்றதும் ஒன்று. காலையில் தகரக் கூரைக்கு அடியில் டியூப் லைட்டில் பார்த்த கறுப்பு வட்டமும், போட்டி அரங்கில் பளிச்சென்ற விளக்கில் தெரிகிற கறுப்பு வட்டமும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியாது. வளையத்துக்கும் கறுப்புக்கும் நடுவே வெள்ளை தாராளமாகத் தெரிய வேண்டும். மிகவும் ஒட்டித் தெரிந்தால் முன் வளையத்தை ஒரு அளவு பெரிதாக மாற்றட்டும்.

போட்டி நாள் காலையில் தயாராவதற்கும் சைட்டருக்கும் (புள்ளிக் கணக்கில் சேராத சோதனைக் குண்டுகளுக்கும்) சேர்த்து 15 நிமிடம் தருகிறார்கள். அதில் எத்தனை குண்டு வேண்டுமானாலும் சுடலாம். முதல் சில நிமிடம் குண்டே போடாமல் நின்று, கன்னமும் பாதமும் சரியா என்று பார்க்கட்டும். பிறகு ஐந்து குண்டு. அதற்கப்புறம்தான் கிளிக். போட்டிக் குண்டு தொடங்கிய பிறகு சைட்டர் கிடையாது, ஆனால் சைட்டைத் திருத்தத் தடை இல்லை. இது பல பிள்ளைகளுக்குத் தெரியாது, தெரியாமலே அறுபது குண்டையும் இடது பக்கமாகச் சுட்டுவிட்டு வருகிறார்கள்.

ஏழில் விழுந்ததற்கு அழுதாள் என்றீர்களே, அவளிடம் ஒன்று சொல்லுங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ராவுக்கு இறுதிச் சுற்றுக்கு முந்தைய சைட்டரில் நாலு விழுந்தது. ஒலிம்பிக் இறுதிச் சுற்று தொடங்கப் போகிற நேரத்தில், ஏழுகூட இல்லை, நாலு! அவரே பின்னாளில் சொன்ன விஷயம் இது. சைட் எப்படியோ மாறியிருந்தது. இருந்த சில நிமிடத்தில் திருத்திக்கொண்டார். கடைசிக் குண்டில் 10.8 எடுத்துத் தங்கம் வாங்கினார். ரைஃபிளை மாற்றவில்லை, கணக்குத் தெரிந்திருந்ததால் கிளிக்கை மாற்றினார்.

சரி, இப்போது செய்ய வேண்டியது இது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் தேதி, நேரம், வெளிச்சம், எந்தப் பெல்லட் டப்பா, சிலிண்டரில் எத்தனை பார், கண்ணாடி போட்டாளா இல்லையா, முதல் பத்துக் குண்டின் நடு எங்கே, எத்தனை கிளிக் திருப்பினாள் என்று அவள் கையாலேயே எழுதட்டும். மூன்று வாரம் கழித்து அந்தப் பக்கங்களையும், கிளாம்ப்பில் சுட்ட அட்டையையும், சிலிண்டரில் இருக்கும் தேதியையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகும் ரைஃபிள்தான் காரணம் என்று தோன்றினால், எந்த ரைஃபிள் வாங்கலாம் என்று நானே உங்கள் கணவரோடு உட்கார்ந்து பேசுகிறேன்.